பெற்றவர்களின் பதிவுகளை எடுக்க எந்த வழியால் போவது?

உறவுக்குள்ளேயே தத்துப் போன பிள்ளைகளுக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பெற்ற தாய் தகப்பன் யார் என்று நமக்குத் தெரியும். படம் சுவரில் மாலையோடு தொங்கும், ஆண்டுத் திவசத்துக்கு வீட்டில் சமைப்போம், கோயிலில் கண்ட சொந்தக்காரர் "அப்படியே தாயின்ட முகம்" என்று கன்னத்தைத் தடவுவார்கள். ஆனால் அந்த முகத்துக்கும் நமக்கும் உறவு இருக்கிறது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி கையில் இருக்காது. அதைத் தேடத் தொடங்கினால் பிரதேச செயலகம், நீதிமன்றம், பத்தரமுல்லையில் இருக்கும் தலைமைப் பதிவுத் திணைக்களம், இணையம் என்று ஆளுக்கொரு திசை காட்டுவார்கள். நான் பிழையான இடத்தில் தொடங்கி எட்டு மாதம் இழந்தவள். என்னைப்போல இன்னொருவர் அலையக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. என்னைப் பெற்ற அம்மா 1991 தையில் திருகோணமலைப் பட்டினத்தில் இறந்தார். எனக்கு அப்போது 2 வயது, அண்ணாவுக்கு 5. அப்பா அதற்கு முந்தின வருடமே, 1990 ஆனிக்குப் பிறகு வந்த போர்க் குழப்பத்தில், வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, என்னைப் பாலையூற்றுக்குக் கூட்டிவந்து வளர்த்து, 1994இல் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு முறைப்படி மகவேற்பும், அதாவது சட்டப்படியான தத்தெடுப்பும், செய்தார். அண்ணா அப்பாவின் ஆட்களோடு மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் வளர்ந்தார். சின்னம்மாவை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவது. இங்கே குழம்பாமல் இருக்க மட்டும் சின்னம்மா என்று எழுதுகிறேன்.

என் முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் பிரஷர் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி, உங்கள் அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு நேரத்தில் ஏதாவது வருத்தம் இருந்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், நான் நினைத்தது சின்னம்மாவை. பிறகுதான் உறைத்தது, இவர் கேட்பது மற்ற அம்மாவை என்று. வீட்டில் கேட்டால் "காய்ச்சல்தான் பிள்ளை" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. சரி, எழுத்தில் இருப்பதை எடுப்போம் என்று இறங்கினேன்.

இங்கே முதலில் நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, நான் கேட்காமல் விட்டது. உங்களுக்கு வேண்டியது தெரிந்துகொள்வதா, நிரூபிப்பதா? அம்மா எதனால் இறந்தார், அம்மப்பாவின் முழுப்பெயர் என்ன, அப்பாவின் ஊர் எது என்பதெல்லாம் தெரிந்துகொள்வது. "இந்தப் பெயரில் பிறந்த பிள்ளைதான் இன்று இந்தப் பெயரில் இருக்கும் நான்" என்று காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசுக்கோ, வங்கிக்கோ, வெளிநாட்டுத் தூதரகத்துக்கோ காட்டுவது நிரூபிப்பது. இரண்டுக்கும் வழி வேறு, காலம் வேறு, செலவும் வேறு.

நான் நேரே சட்டத்தரணி ஒருவரிடம் போய், என் தத்து வழக்கின் கோவையை (பைலை) எடுத்துத் தாருங்கள் என்றேன். அதில் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். மகவேற்பு எப்படி எழுதிவைக்கப்படுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் மகவேற்புக் கட்டளையைப் பிறப்பித்ததும், பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குத் தலைமை அதிகாரியான பதிவாளர் நாயகம் தன்னிடமுள்ள மகவேற்புப் பிள்ளைகளின் பதிவேட்டில் உங்களைப் பதிகிறார். பழைய பிறப்புப் பதிவில் தத்துப் போன குறிப்பு விழுகிறது. இந்த இரண்டு பதிவையும் இணைத்துக் காட்டும் ஏடு பொதுமக்கள் தேடிப் பார்க்கக்கூடியது இல்லை, நீதிமன்றம் கட்டளையிட்டால் ஒழிய அதிலிருந்து ஒரு வரியும் தரமாட்டார்கள். கையில் கிடைக்கும் மகவேற்புச் சான்றிதழில் வளர்த்தவர்களின் பெயர் இருக்கும், எந்த நீதிமன்றம், எந்தத் திகதியில் கட்டளையிட்டது என்பது இருக்கும். பெற்றவர்களின் பெயர் இருக்காது. ஆக எல்லாப் பதிவிலும் இறுக்கமாகப் பூட்டியிருப்பது உங்களுடைய சொந்தப் பதிவுதான், நான் போய் அதைத்தான் முதலில் இழுத்தேன்.

பழைய கோவை, இலக்கம் சரியாகத் தெரியாது, தேடவேண்டும், பிரேரணை போடவேண்டும், அடுத்த தவணை, அதற்கு அடுத்த தவணை. அந்த எட்டு மாதத்துக்குள் என் மகள் பிறந்துவிட்டாள், பிரஷர் ஏறி, நாளுக்கு முன்னமே, அவசரமாக. இரண்டு பேரும் சுகம், அதற்கு நான் தினமும் கும்பிடுகிறேன். ஆனால் டொக்டர் கேட்ட கேள்விக்கான பதில் அந்த நேரமெல்லாம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், யார் கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்கிற ஒரு பதிவேட்டில் கிடந்தது.

ஏனென்றால் பூட்டு உங்கள் பதிவுக்குத்தான். அம்மாவின் இறப்புப் பதிவுக்கு இல்லை, அவருடைய பிறப்புப் பதிவுக்கு இல்லை, பெற்றோரின் திருமணப் பதிவுக்கு இல்லை, தத்துப் போகாத சகோதரத்தின் பிறப்புப் பதிவுக்கும் இல்லை. இவையெல்லாம் சாதாரணப் பதிவுகள். விபரம் தெரிந்தவர் விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். உறவுக்குள் தத்துப் போனவர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது, முன்பின் தெரியாத இடத்துக்குத் தத்துப் போன பிள்ளைக்கு இல்லாத வசதி. பெயர்கள் நமக்குத் தெரியும்.

அதனால் பிரதேச செயலகத்துப் பதிவுப் பிரிவைத்தான் நான் முதலாவது வழி என்று சொல்வேன். பதிவிலக்கமும் திகதியும் கையில் இருந்தால் ஒரு கட்டணம், அது தெரியாமல் இரண்டு வருட இடைவெளிக்குள் தேடச் சொன்னால் அதைவிடக் கூட. எப்படிப் பார்த்தாலும் சட்டத்தரணியின் ஒரு தவணைக் காசுக்குக் கிட்டவும் வராது. ஆனால் எந்தச் செயலகம் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை மூதூர்ப் பக்கத்துக் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் லோஞ்ச் ஏறிப் பட்டினத்துக்கு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வந்து பிறந்த பிள்ளையின் பதிவை மூதூர்ப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, அது பட்டினமும் சூழலும் பிரிவுப் பதிவில் இருக்கும். அண்ணா கட்டைபறிச்சான்காரர், ஆனால் பதிவுப்படி அவர் பட்டினத்துப் பிள்ளை.

அப்புறம் பெயரின் எழுத்து. நம் பக்கத்தில் இரத்தினம், ரத்தினம், ரெத்தினம் மூன்றும் ஒரே ஆள். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி. பதிவுகாரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், பதிவேட்டின் பெயர்ச் சுட்டியில் அந்த எழுத்தில்தான் இருக்கும். விண்ணப்பத்தில் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு "பதிவில்லை" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள், எழுதக்கூடிய எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கணவன் பெயரை அம்மாவின் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள், பிறப்புப் பதிவில் தாயின் பெயர் கலியாணத்துக்கு முந்தின பெயர்தான்.

ஒரு அலுவலகத்தில், எது என்று சொல்லத் தேவையில்லை, "நீங்கள் மகள் என்பதற்கு என்ன அத்தாட்சி, உங்கள் சான்றிதழில் வேறு தாயின் பெயர் இருக்கிறதே" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் ஓரமாகப் போய் நின்று அழுதேன், உண்மையில். விண்ணப்பம் கேட்டது இறந்தவரின் விபரத்தை, என் அடையாளத்தை இல்லை. நான்தான் தேவையில்லாமல் என் கதை முழுவதையும் சொல்லி, என் சான்றிதழையும் நீட்டி, அவர்களையும் குழப்பியிருந்தேன். அடுத்த கிழமை வேறொரு உத்தியோகத்தரிடம் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன். அன்று பின்னேரமே பிரதி கையில்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இறப்புச் சான்றிதழை நாம் அந்தியேட்டிக் கிரியைக்கும் காணி மாற்றவும் மட்டும்தான் எடுக்கிறோம், ஒருவரும் அதைப் படிப்பதில்லை. இறந்தவரின் வயது, தொழில், தாய் தகப்பன் பெயர், இறப்புக்கான காரணம், கடைசியில் அறிவித்தவரின் பெயரும் விலாசமும் அதில் இருக்கும். இந்தக் கடைசி நிரல் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. அந்த நாளில் அந்த உடலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஆள் அது, பலவேளை இன்றும் உயிரோடு இருப்பார். அம்மாவின் பதிவில் காரணம் கர்ப்பகாலப் பிரஷரால் வந்த வலிப்பு என்று இருந்தது. அறிவித்தவர், சின்னம்மா. அப்போது அவருக்கு 21 வயது.

வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்தேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பயந்து பிள்ளையே வேண்டாமெண்டு இருந்திடுவாய் எண்டுதான் சொல்லேல்ல" என்றார். பிறகு எழும்பிப் போய்ப் பழைய தகரப் பெட்டியைத் தூக்கிவந்தார், அதற்குள் அம்மாவின் அடையாள அட்டை, என்னுடைய முதற் பிறப்புச் சான்றிதழின் மங்கிய பிரதி, வழக்கு இலக்கம் எழுதிய ஒரு பற்றுச்சீட்டு. நான் எட்டு மாதம் தேடிய இலக்கம். ஆகவே எந்த வழியை எடுப்பதென்றாலும் அதற்கு முதல் வளர்த்தவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், மறைத்துச் செய்யாதீர்கள். அவருக்கு மனம் நோகும் என்று நாம் மறைக்கிறோம், நமக்கு மனம் நோகும் என்று அவர் மறைக்கிறார், இடையில் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

பிறப்புச் சான்றிதழும் இப்படித்தான் வாசிக்க வாசிக்க விரியும். இலங்கைப் பிறப்புப் பதிவில் தகப்பனின் பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், தொழில் மட்டும் இல்லை, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும், சில இடத்தில் பூட்டன் விபரமும் கேட்டிருப்பார்கள். அண்ணாவின் சான்றிதழ் ஒன்றிலேயே அப்பாவின் அப்பா சேனையூரில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியவந்தது, அதை எனக்குச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கவில்லை. திருமணப் பதிவு கிடைத்தால் இரு தரப்புத் தகப்பன்மாரின் பெயரும் சாட்சிகளின் பெயரும் இருக்கும். ஆனால் கிராமத்தில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமலே வாழ்ந்தவர்கள் அந்தக் காலத்தில் கொஞ்சப் பேரா? பிள்ளையின் பழைய பிறப்புப் பதிவில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் திருமணப் பதிவைத் தேடலாமா வேண்டாமா என்று முடிவெடுங்கள். மூதூர், கிண்ணியா முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி வேறு திருமணப் பதிவேடு, பொதுப் பதிவேட்டில் தேடி மினக்கெடவேண்டாம்.

இணையவழி விண்ணப்பம் பதிவு இலக்கம் தெரிந்தவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நல்லது, தபாலில் வரும். இலக்கம் தெரியாமல், பெயரில் எழுத்துக் குழப்பத்தோடு இருப்பவர் நேரே போவதே மேல், ஏனென்றால் "லெ போட்டுப் பாருங்கோ" என்று ஒரு கணினிப் படிவத்திடம் சொல்ல முடியாது.

பத்தரமுல்லையில் இருக்கும் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எடுத்த எடுப்பில் இரவு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டு காரணத்துக்குத்தான் அங்கே போகவேண்டும். ஒன்று, மகவேற்புச் சான்றிதழின் பிரதி. மற்றது, இங்கே பதிவேடு இல்லை, அழிந்துவிட்டது என்று சொன்னால். பதிவுகள் இரண்டு பிரதியாக எழுதப்பட்டு ஒன்று கொழும்பில் மத்திய ஆவணக் காப்பறைக்குப் போனவை, ஆகவே இங்கே எரிந்தது அங்கே இருக்கலாம். 1985, 1990, 2006 என்று இடம்பெயர்ந்தே பழகிய மாவட்டம் இது, "இல்லை" என்ற ஒரு பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பயணத்துக்கு முதல் ஒரு சின்ன வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 மாசி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பித்தால் 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். இன்னொருவரின் தனிப்பட்ட விபரத்தை அதில் கேட்டால் மறுக்க இடமிருக்கிறது, ஆகவே சான்றிதழை அதில் கேட்காதீர்கள். "இன்ன பிரிவின் இன்ன ஆண்டுப் பிறப்புப் பதிவேடு உங்களிடம் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்பப்பட்டது" என்று கேளுங்கள். வாயால் சொன்ன "இல்லை"யும் கையொப்பமிட்ட "இல்லை"யும் ஒன்றல்ல, பின்னதை நீதிமன்றத்திலும் காட்டலாம்.

இனி நிரூபிக்கும் பக்கம். அம்மம்மா சீதனமாக எழுதிக்கொடுத்த காணித்துண்டு ஒன்று அம்மா பெயரில் இருந்தது. அதை ஒழுங்குபடுத்த அண்ணா போனபோது, தங்கச்சி என்று ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் இன்னாரின் மகள் என்பதற்கு என்ன இருக்கிறது என்று நொத்தாரிசு கேட்டார். இங்கே இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தகரப் பெட்டி ஒன்றும் உதவாது. நீதிமன்றக் கோவையிலிருந்து எடுத்த, உறுதிப்படுத்திய கட்டளைப் பிரதிதான் வேலை செய்தது, ஏனென்றால் என் மனுவில் பழைய பெயர், பெற்றவர்களின் பெயர், அம்மாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் இணைக்கப்பட்டிருந்தது. ஆக அந்த எட்டு மாதக் காசு வீணாகவில்லை, வரிசைதான் பிழை. வழக்கு இலக்கத்தையும் கட்டளைத் திகதியையும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போயிருந்தால் தேடுதலிலேயே பெரும்பகுதி மிச்சம்.

தத்துப் போகாத சகோதரம் உங்களுக்கு இருந்தால் அவரை முன்னுக்கு விடுங்கள் என்பதையும் சொல்லவேண்டும். அண்ணா கடதாசியில் இன்னும் அப்பா அம்மாவின் மகன். காணாமல் போனவர்களுக்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி இறப்பைப் பதியலாம், 2016 திருத்தத்துக்குப் பிறகு இறந்துவிட்டார் என்று எழுதாமல், ஆள் காணவில்லை என்பதற்கு மட்டும் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. அப்பாவுக்காக நான் விண்ணப்பித்தால் முதலில் நான் யார் என்று விளக்கவேண்டும், அண்ணாவுக்கு அவருடைய பிறப்புச் சான்றிதழே போதும்.

எல்லோருடைய நிலைமையும் என்னுடையது போல இருக்காது. அம்மம்மாவோ பெரியம்மாவோ வளர்த்தார், நீதிமன்றம் போகவே இல்லை என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழில் இன்றும் பெற்றவர்களின் பெயர்தான், உங்களுக்கு ஒரு பூட்டும் இல்லை. 2004 மார்கழி 26க்குப் பிறகு நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாப் பக்கம் உறவினரிடம் போன பிள்ளைகளில் பலர் இப்படி. அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமிச் சட்டத்தின் கீழ் வளர்ப்புப் பராமரிப்பு ஒழுங்கு செய்திருந்தால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திலும் கோவை இருக்கும்.

மிகக் கடினமானது மூன்றாவது வகை. பிள்ளை பிறந்தவுடனேயே மாமியோ சின்னம்மாவோ தன் பிள்ளை என்று பதிந்துவிட்டது. அன்று அதை அன்பில்தான் செய்தார்கள், நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் பதிவில் தத்து என்ற ஒன்றே நடக்கவில்லை, தேடுவதற்கு இணைப்பு ஏடும் இல்லை. பொய்யான விபரம் கொடுத்துப் பதிவது குற்றம் என்பதால், வளர்த்தவர் உயிரோடு இருக்கும்போது அலுவலகத்தில் போய் வாய்விட்டு ஒன்றையும் சொல்லாமல் முதலில் நல்ல சட்டத்தரணி ஒருவரோடு தனியாகப் பேசுங்கள். தெரிந்துகொள்வது மட்டும் போதும் என்றால் பழைய தேர்தல் இடாப்பு உதவும், அந்த வருடம் அந்த விலாசத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வீட்டுவாரியாக இருக்கும். பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, கத்தோலிக்கர் என்றால் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு, அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் கோவை, இவையும் பார்க்கக்கூடியவை. நிரூபணமாக எடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

அப்பாவின் விண்ணப்பத்தில் எதைக் கேட்பது என்று அண்ணாவும் நானும் ஒரு மாதம் பேசினோம். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் காணி வேலை இலகு, ஆனால் அறிவித்தவர் என்ற இடத்தில் அண்ணா தன் பெயரை எழுதவேண்டும். தன்னால் அது ஏலாது என்றார். காணவில்லை என்ற சான்றிதழுக்கே படிவம் நிரப்பியிருக்கிறோம், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.